தொழில் என்ற கட்டம்

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கோடு போட்ட நீள நோட்டு. அட்டையின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. மசி என்று நினைக்க வேண்டாம், எண்ணெய். கைரேகை என்னுடையதுதான். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போகும் என்றார்கள், துடைக்க மனம் வரவில்லை.

2023 டிசம்பர் 3ஆம் தேதி இரவு பிடித்த மழை, மறுநாள் முழுக்க விடவில்லை. மிக்ஜாம் புயல் ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையேறுவதற்குள் எங்களை ஊற வைத்துவிட்டுப் போனது. வடசென்னையின் காலடிப்பேட்டையில் என் வீட்டுத் தையல் மெஷினின் மிதி வரைக்கும் தண்ணீர். இரண்டு நாளில் வடிந்துவிட்டது. ரயில் பாதைக்கு மேற்கே கதை வேறு. மாணிக்கம் நகர் சுரங்கப்பாதை நிரம்பிவிட்டதால் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரிவதற்கே நேரமாயிற்று. வாசனைதான் முதலில் வந்து சொன்னது. பங்க் வாசலில் நிற்கிற மாதிரி ஒரு நெடி. தண்ணீர் இறங்கிய வீடுகளில் இடுப்பு உயரத்துக்குச் சுவரைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு. சோப்புப் போட்டால் வழுக்கியது. துணியால் தேய்த்தால் துணிதான் கறுத்தது.

வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, எண்ணூர் முகத்துவாரம் வரை போய்ப் படிந்தது. கூழைக்கடாக்கள் சிறகு ஒட்டிப்போய் நின்ற படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கிருந்து வந்தது, யார் பொறுப்பு என்பதைப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்காக எடுத்து விசாரித்தது. நான் சொல்ல வந்தது அதை இல்லை. பதினோரு பேர் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு பட்ட பாட்டை.

எங்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மகளிர் குழுவில் நாலு பேர், கல்லூரிப் பையன்கள் மூணு பேர், நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி, ரேஷன் கடையில் எடை போட்டு ஓய்ந்த பெரியவர் ஒருவர், மெட்ரோ ஸ்டேஷனில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒருவர், ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர். கொரோனா ஊரடங்கில் சேர்ந்து சோறு பொங்கிய கூட்டம்தான். 2020இல் பட்டியல் எதுவும் போடவில்லை. அண்டாவில் இருக்கும்வரை கொடுத்தோம், தீர்ந்தால் மறுநாள் வரச் சொன்னோம். பசி எல்லார் வீட்டிலும் ஒரே அளவில் இருந்தது போலத் தோன்றியது. அது எவ்வளவு சுலபமான காலம் என்று இந்த வெள்ளத்தில்தான் புரிந்தது.

தெரிந்தவர் ஒருவர் மூலம் 200 பை வந்தது. அரிசி, பருப்பு, பாய், போர்வை, நாப்கின். கேட்டு நின்றவர்கள் 300 வீட்டுக்கு மேல். முதல் சண்டை அங்கேயே. கல்லூரிப் பையன் ஒருவன், "யக்கா, நம்ம தெருவுக்கு மொதல்ல குடுத்துட்டு மிச்சத்த அந்தாண்ட எடுத்துக்கினு போலாம்" என்றான். கெட்ட பையன் இல்லை. அவன் வீட்டிலும் அரிசி நனைந்திருந்தது. நர்சிங் பெண், "உங்க வீட்டு அரிசி நனைஞ்சுது. அவங்க வீட்டு அரிசில எண்ணெய் கீது. வெயில்ல காய வெச்சு துண்ண முடியுமா?" என்று கேட்டாள். அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டு, சாயங்காலம் பை தூக்க வந்தான். மன்னிப்பும் கேட்கவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். கோடு போட்டேன். பெயர், ரேஷன் அட்டை எண், வீட்டில் எத்தனை பேர், கைபேசி, தொழில்.

நாலாவது நாள் ஆட்டோத் தம்பி வரவில்லை. போன் எடுக்கவில்லை. பெட்ரோலுக்குக் காசு கொடுக்காமல் விட்டோமோ என்று எனக்கு உறுத்தல். சத்தியமூர்த்தி நகரில் அவன் வீட்டைத் தேடிப் போனபோது அவன் அம்மா கட்டில் மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். தரையெல்லாம் எண்ணெய்ச் சேறு, சுவரில் அதே கறுப்புக் கோடு. மூன்று நாளாக ஊர் வீட்டுக்கெல்லாம் பாய் கொண்டு இறக்கியவன் தன் வீட்டுக்கு ஒன்று எடுத்து வைக்கவில்லை. "குடுக்குற ஆளு நாமளே எடுத்தா நல்லா இருக்காதுக்கா" என்றான். அந்த வீட்டுச் சுவரைப் பிடித்து உள்ளே இறங்கியபோதுதான் என் கட்டைவிரல் நோட்டில் ஒட்டியது. அன்று ராத்திரி நோட்டின் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு, பதினோரு பேர் வீட்டு நிலவரத்தை முதலில் எழுதினோம். கூச்சமாகத்தான் இருந்தது. மெட்ரோ அக்காவுக்கு வேலைக்குப் போகாத நாள்களுக்குச் சம்பளம் பிடிப்பார்கள் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். அத்தனை நாள் அவரைத்தான் பகலெல்லாம் நிற்க வைத்திருந்தோம்.

இரண்டாவது வாரம் கடற்கரைப் பக்கம் போனோம். எண்ணூரில் மீனவர்கள் படகை எடுத்துக்கொண்டு போய் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள், வாளியில், மக்கில். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோதும் இதே வாளிதான். கிட்டத்தட்ட ஏழு வருடத்தில் வாளியின் நிறம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

பெரியகுப்பத்தில் ஓர் ஆயா. எழுபது இருக்கும். பெயர் கேட்டேன், சொன்னார். எத்தனை பேர் என்றேன், "நான் ஒருத்திதான்" என்றார். வீட்டில் படகு உண்டா என்றேன். இல்லை. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே 'இல்லத்தரசி' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தேன். எட்டிப் பார்த்தார்.

"இன்னா எழுதிக்கினே?"

"இல்லத்தரசின்னு, ஆயா."

"அரசியா!" என்று சிரித்தார். பக்கத்து வீட்டுப் பெண்களும் சிரித்தார்கள். "நாப்பது வருசமா மூணு மணிக்குக் காசிமேடு ஏலத்துக்குப் போறேன். கடனுக்கு மீனெடுத்துத் தெருத் தெருவா வித்து, சாயங்காலம் கடன அடைக்கிறேன். பத்து நாளா எண்ணூர் மீனான்னு கேட்டுட்டு ஒருத்தரும் கூடைய எறக்கச் சொல்லல. கடன்காரன் மட்டும் கரெக்டா வர்றான். அரசியாம்ல."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. திரும்பப் புரட்டிப் பார்த்தால் பக்கம் பக்கமாக இல்லத்தரசிகள். அத்தனையும் என் கையெழுத்து. நானே மெஷின் மிதித்துப் பிழைக்கிறவள். என் ரேஷன் அட்டைக்கு எழுதிக் கொடுத்தபோதும் யாரோ அப்படித்தான் எழுதினார்கள்.

எங்கள் பேட்டைக்கே தொழிலை வைத்துத்தான் பெயர் வந்தது என்று பெரியவர் அடிக்கடி சொல்வார். 1717 முதல் 1720 வரை சென்னைக்கு கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம். காலெட்பேட்டை வாயில் நுழையாமல் காலடிப்பேட்டை ஆயிற்று. தறியில் உட்கார்ந்தவன் நெசவாளி. நூல் சுற்றியவளை அன்றைக்கு என்னவென்று எழுதினார்களோ.

தொழில் என்ற கட்டத்தை அடித்தோம். பெரியவர்தான் வேறு கேள்வி சொன்னார். ரேஷன் கடையில் காலம் தள்ளியவருக்கு எதைக் கேட்டால் ஜனங்கள் எதைச் சொல்வார்கள் என்று தெரியும். "மழைக்கு மொத நாள் காலையில எங்க போனீங்கன்னு கேளு." அதையே கேட்டோம். இல்லத்தரசிகள் காணாமல் போனார்கள். ஏலத்துக்குப் போனேன். இறால் உரிக்கப் போனேன். கருவாடு காய வைத்தேன். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தேன். முகத்துவாரப் பக்கத்து இருளர் குடும்பம் ஒன்றில் புருஷன் பெண்டாட்டி இருவருமே ஆற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்கள். படகும் கிடையாது, வலையும் கிடையாது. பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் சேற்றைத் துழாவுவார்கள். எண்ணெய் மிதக்கிற ஆற்றில் வாயைத் தண்ணீர் மட்டத்தில் வைத்துக்கொண்டு எப்படி இறங்குவது? 'படகு உண்டா' என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவார்கள். நானும் இல்லை என்று எழுதிக்கொண்டு போயிருப்பேன்.

அந்த மாதமே அரசு நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000, பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்கு 7,500. புயலுக்கு ரேஷன் கடையில் கொடுத்த 6,000 தனி. யாருக்கு எந்தத் தொகை என்பதற்குத் தெருவுக்குத் தெரு பேச்சு. நாங்கள் செய்ய முடிந்தது மனு எழுதிக் கொடுப்பது. மனுவில் "மீனவர்" என்று எழுதாமல், காலையில் எங்கே போனார்கள் என்பதையே எழுதினோம். சிலருக்குக் கிடைத்தது, பலருக்கு இல்லை.

எங்களிடம் மிஞ்சிய பைகளுக்கு வேறு வழி செய்தோம். யார் யாருக்கு என்ற பட்டியலை வேப்பமரத்தடியில் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தோம். இது வேண்டாம், அடிதடி ஆகும் என்று எங்களில் பாதிப் பேர் சொன்னார்கள். ஆயிற்று. ஒருவர் பையைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனார், பருப்பு மண்ணில் சிதறியது. ஆனால் ஒரு பெண் எழுந்து, "எம் பேர அடிச்சுடு, எம் பையன் வேலைக்குப் போறான். அவ பேர எழுது, அவளுக்குக் கேக்கத் தெரியாது" என்று பின்வரிசையைக் காட்டினாள். மறைத்து வைத்திருந்தால் அந்தப் பின்வரிசை எங்களுக்குத் தெரிந்திருக்காது.

டிசம்பர் 26. சுனாமிக்குப் பத்தொன்பது வருடம் என்று காலையில் கடலில் பால் ஊற்றிவிட்டு வந்த நாள். நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் பெரியகுப்பத்துக் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று ஜனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாலையில் ஓடியது. ஆட்டோத் தம்பி போன் செய்தான். "யக்கா, நோட்ட எடுத்துக்கினு வாங்க."

சாலையோரத்தில் நின்றுகொண்டு பெயர் வாசித்தோம். நர்சிங் பெண் துண்டை நனைத்து நனைத்துக் கொடுத்தாள். மயங்கியவர்களை ஆட்டோ ஏற்றிக்கொண்டு போனது, வந்தது. பெயருக்கு நேரே டிக் அடித்துக்கொண்டே வந்தேன். நாலு மணிக்கு எங்கள் நோட்டில் ஒரு பெயர் பாக்கி. ஆயா. கைபேசி என்ற இடத்தில் ஒரு கோடுதான் இழுத்திருந்தேன். வீடு திறந்து கிடக்கிறது, ஆள் இல்லை என்றார்கள். எனக்குக் கை நடுங்கியது. பெரியவர் நோட்டை வாங்கி, அடுத்த கட்டத்தில் விரலை வைத்தார். தம்பி வண்டியைத் திருப்பினான்.

காசிமேட்டில், ஏலத்துக்குக் காத்திருந்த கூட்டத்தில், கவிழ்த்த அலுமினியச் சட்டி மேல் முந்தானையால் மூக்கை மூடி உட்கார்ந்திருந்தாராம். ஓடுகிற ஜனத்தோடு ஓடாமல், எப்படியும் கிளம்ப வேண்டிய நேரம்தானே என்று முன்கூட்டியே கிளம்பிவிட்டார். தேடி வந்ததற்குத் தம்பிக்கு ஒரு நல்ல வார்த்தை இல்லை. "வந்ததுதான் வந்தே, சும்மா போவாத. சட்டிய வண்டில ஏத்து" என்றிருக்கிறார்.