தலைக்கும் மூக்கு இருக்கு பாஸ்!

காலையில சீப்புல எத்தனை முடி வந்துச்சுன்னு எண்ணிப் பார்த்திருக்கீங்களா? நான் செகண்ட் இயர் முழுக்க எண்ணினேன். கிளாஸ் குரூப் போட்டோ எடுத்த அன்னிக்கு காலேஜுக்கே போகலை.

'போர் தண்ணிதான்டா காரணம்' என்றான் நண்பன். 'பழநியில மொட்டை போட்டு சந்தனம் பூசு கண்ணு, கருகருன்னு வளரும்' என்றார் அம்மா. திருப்பூர் பனியன் கம்பெனியில் அவருக்கு செக்கிங் வேலை. சனிக்கிழமை சம்பளத்துல 600 ரூபாயை வாங்கிட்டுப் போய், சந்தன வாசனை எண்ணெய் ஒண்ணு வாங்கினேன். 'விஞ்ஞானமே சொல்லுது' என்றது பாட்டில்.

அது என்ன விஞ்ஞானம்? அப்புறம்தான் தேடிப் படிச்சேன். மேட்டர் நிஜமாவே சூப்பர்! வாசனையை உணரும் ரிசெப்டார்கள் நம்மகிட்ட சுமார் 400 வகை. அதைப் பத்தின கண்டுபிடிப்புக்குத்தான் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸெலுக்கு 2004-ல் நோபல். சில ரிசெப்டார்கள் மூக்கைத் தாண்டி முடியின் வேர்க்கால்லயும் இருக்கு. அதுல ஒண்ணு ஓ.ஆர்.2ஏ.டி.4. பேராசிரியர் ரால்ஃப் பாஸ் குழு, மனிதத் தலைத்தோலில் இருந்து எடுத்த வேர்க்கால்களை லேப்ல வளர்த்து, 'சாண்டலோர்' என்ற சந்தன வாசனைப் பொருளைச் சேர்த்தாங்க. முடியின் வளர்ச்சிப் பருவம் நீண்டுச்சு. ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் கூடுச்சு. 2018-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்தது.

அவசரப்பட்டு கடைக்கு ஓடாதீங்க. சாண்டலோர் செயற்கையா தயாரிக்கிறது. பழநியில பூசுற சந்தனம் இல்லை. சோதனை நடந்ததும் லேப் கிண்ணத்துல. வழுக்கைத் தலையில முடி முளைச்சதா அந்த ஆய்வு சொல்லவே இல்லை. மொட்டை போட்டாலும் வேர் மாறாது, வெளியே இருக்குற முடிதான் போகும்.

இன்னொண்ணு. தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது சகஜம். நான் எண்ணினது ஒருநாளும் 70-ஐத் தாண்டலை! திட்டுத் திட்டா உதிர்ந்தா, திடீர்னு கொத்தா வந்தா தோல் டாக்டரைப் பாருங்க. இல்லைன்னா சீப்பை கீழே வைங்க.

அன்னிக்கு ராத்திரி, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோட அம்மா வந்தாங்க. பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தாங்க. 'இது நம்ம சந்தன வாசமே இல்லியே கண்ணு!'

நான் பத்துப் பக்கம் படிச்சுக் கண்டுபிடிச்சதை ஒரே மூச்சுல சொல்லிட்டாங்க. 600 ரூபாயைப் பத்தி கேட்கவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துது. அந்த குரூப் போட்டோவில் நான் இல்லாததும்தான்.