அக்காவும் ஆக்சிஜன் குழாயும்



வேடந்தாங்கல் ஏரிக்குப் பறவை பார்க்கக் கூட்டிப்போன நாட்களில் எங்கள் வீட்டில் சுண்டல் சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறதா? அதைச் செய்து கொடுத்த என் அக்காவைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அக்கா நாற்பது வருடம் விறகும் வறட்டியும் வைத்து அடுப்பு ஊதியவர். போன வருடம் மூச்சிரைப்போடு காலும் வீங்கியது. தாம்பரம் சானடோரியத்தில் காட்டினோம். புகையால் நுரையீரல் கெட்டிருக்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு என்றார்கள். ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். அங்கே அழுத்தம் ஏறும். அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலது பக்கம் களைத்துப்போகும். கால் வீக்கம் அதனால்தான்.

வீட்டில் ஆக்சிஜன் மிஷின் வைத்தோம். அறைக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனை மூக்குக் குழாயில் அனுப்பும். ஆனால் அக்கா, "இதை மாட்டினா கடைசி காலம்னு ஊர் பேசும்டா" என்று கழற்றிவிடுவார். மூச்சு வாங்கினால் மட்டும் அரை மணி நேரம். நானும் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது.

அடுத்த முறை டாக்டர் விளக்கினார்: "இது மூச்சிரைப்புக்கு மட்டும் இல்லை சார், இதயத்துக்கும்தான். தினமும் 15 மணி நேரமாவது வேண்டும். நாங்கள் சொன்ன அளவுக்கு மேல் கூட்டவும் கூடாது." 1980, 81-லேயே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த ஆய்வுகள், இப்படி நீண்ட நேரம் எடுத்துக்கொண்டவர்கள் கூடுதல் நாள் வாழ்ந்ததைக் காட்டிவிட்டன.

ஒரு சாயங்காலம் குழாயோடு விளக்கேற்றப் போனார். தணல் குச்சியை ஆக்சிஜன் ஜாடிக்குள் விட்டதும் குப்பென்று எரியுமே, அந்தச் சோதனை கண்முன் வந்தது. தீப்பெட்டியைப் பிடுங்கிவிட்டேன். "விளக்குகூட ஏத்தக் கூடாதா?" என்று அழுதார்.

இப்போது பூஜை அறையில் நான் விளக்கேற்றுகிறேன். அக்கா குழாயோடு கூடத்தில் தள்ளி உட்கார்ந்து கும்பிடுகிறார். தூக்கம், சீரியல் எல்லாம் சேர்த்து 16 மணி நேரம் ஆகிவிடுகிறது. கால் வீக்கம் குறைந்திருக்கிறது.

புகையின் கேட்டை உங்களுக்குப் பாடமாக நடத்தினேன். என் வீட்டு அடுப்படிப் புகையைப் பார்க்கவில்லை. அடுப்பு ஊதிய உங்கள் அம்மாவுக்கோ பாட்டிக்கோ மூச்சிரைத்தால், வயசாச்சு என்று விடாதீர்கள். நுரையீரலை ஊதிப் பார்க்கும் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். இதுதான் சார் தரும் வீட்டுப்பாடம்.