கூத்துக்கு ஒரு கணிப்பொறி

தமிழ் இலக்கியம் கற்பிப்பவனுக்குக் கணிப்பொறியின் உள்ளுறுப்புகளைப் பற்றி என்ன கவலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கவலைக்குக் காரணம் தெருக்கூத்து. சித்திரையில் நடக்கும் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலின் 18 நாள் திருவிழாவுக்கு ஊடகங்களின் கேமராக்கள் வந்து குவிகின்றன. பௌர்ணமியை ஒட்டிய ஓரிரு நாட்களில் அவை திரும்பிவிடுகின்றன. உளுந்தூர்பேட்டையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்துகளைப் படம்பிடிப்போர் மிகச் சிலரே. எனக்குத் தெரிந்த கூத்து வாத்தியார் ஒருவர் எழுபதைக் கடந்தவர். அவருடைய மாணவர்களில் பலர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார்கள். எஞ்சியிருக்கும் சிறுவர்கள் பார்த்துப் பழகுவதற்காக, அவர் ஆடும் இரவுகளை இரண்டு கேமராக்களில் பதிந்து வருகிறேன். அவற்றைத் தொகுக்கத்தான் கணிப்பொறி வேண்டியிருந்தது.

இந்தத் தேவையோடு கடைக்குப் போனால் முதலில் பிராசஸரின் வேகத்தைச் சொல்வார்கள். கூத்து சொல்லும் கணக்கு வேறு. இரவு பத்துக்குத் தொடங்கி காலை ஆறுக்கு முடிந்தால் எட்டு மணி நேரம். 4கே தரத்தில், வினாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட். ஓர் இரவுக்கு 360. இரண்டு கேமராக்களுக்கு 720. பாதுகாப்புக்கு இன்னொரு பிரதியும் எடுத்தால் ஓர் இரவே ஏறத்தாழ ஒன்றரை டெராபைட்டை விழுங்கிவிடும். ஆகவே, வேகத்துக்கு முன் இடத்துக்குப் பணம் ஒதுக்கினேன்: சேமித்து வைக்க இரண்டு பெரிய ஹார்ட் டிஸ்க்குகள், அன்றன்றைய வேலைக்கு ஒரு சிறிய எஸ்எஸ்டி.

அடுத்தது பதிவின் வடிவம். இக்காலக் கேமராக்கள் பெரும்பாலும் எச்.264, எச்.265 முறைகளில் சுருக்கிப் பதிகின்றன. முழுப் படம் அவ்வப்போது ஒன்றுதான் இருக்கும். இடையில் உள்ளவை, என்ன மாறியது என்ற குறிப்பை மட்டுமே வைத்திருக்கும். நடுவில் ஓரிடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டுமென்றால், கணிப்பொறி அருகிலுள்ள படங்களையும் கணக்கிட்டே அதைக் காட்ட முடியும். இந்த வேலைக்கென்றே இன்டெல் பிராசஸர்கள் பலவற்றிலும் ஆப்பிளின் எம் வரிசையிலும் தனிப் பகுதிகள் உண்டு. ஆனால் 10 பிட் 4:2:2 என்னும் நிறச்செறிவு மிக்க வடிவத்தை எல்லாக் கருவிகளும் ஏற்பதில்லை. என்விடியா அட்டைகளில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அந்த வசதி சேர்ந்தது. கேமரா எதைப் பதிகிறது என்று அறியாமல் கணிப்பொறி வாங்குவது, பாதம் அளக்காமல் செருப்பு வாங்குவது போன்றது.

வசதி குறைந்தவர்களுக்கும் வழியில்லாமல் இல்லை. மூவியோலா காலத்தில் படத்தொகுப்பாளர்கள் மூல நெகட்டிவைத் தொட்டதில்லை. அதிலிருந்து எடுத்த பிரதியை வெட்டி ஒட்டி முடிவு செய்த பிறகே நெகட்டிவை அதற்கேற்ப வெட்டினார்கள். 1994இல் வெளிவந்த 'மகாநதி' அவிட் என்னும் கணினிக் கருவியில் தொகுக்கப்பட்டது. அதன்பின் தமிழ்த் திரையுலகில் கத்தரியின் காலம் மெல்ல முடிந்தது. ஆனால் அந்தப் பழைய முறை மறையவில்லை. இன்று அதற்குப் 'பிராக்ஸி' என்று பெயர். தரம் குறைந்த சிறு பிரதிகளில் தொகுத்து, இறுதியில் மூலத்தோடு இணைத்துக்கொள்ளலாம். கட்டணமின்றிக் கிடைக்கும் டாவின்சி ரிசால்விலேயே இந்த வசதி இருக்கிறது.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனபோது, கட்டியங்காரன் துள்ளி வரும் இரண்டு நிமிடப் பதிவை பென் டிரைவில் கொண்டுபோனேன். இரண்டு கேமராக்களின் படத்தையும் ஒருசேர ஓடவிட்டுப் பார்த்தேன். விலை கூடிய ஓர் இயந்திரத்தில் படம் திக்கியது. மிருதங்கம் ஒலித்த பிறகே கால் மண்ணில் பட்டது. அதைவிட மலிவான இன்னொன்றில் அடியும் தாளமும் சேர்ந்தே விழுந்தன. அதையே வாங்கினேன், 32 ஜிகாபைட் ராம், மேசைக் கணினி. சித்திரை வெயிலில் மடிக்கணினி சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மின்வெட்டுக்கு யுபிஎஸ் தனி.

முதல் தொகுப்பை வாத்தியாரிடம் காட்டினேன். முகபாவங்களை அருகிலிருந்து எடுத்த காட்சிகளையே அதில் மிகுதியாகச் சேர்த்திருந்தேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "மொகத்த விடுங்க சார், காலக் காட்டுங்க. பசங்க அதத்தான் பாக்கணும்" என்றார். அன்றுமுதல் ஒரு கேமரா முழு உருவத்தை விட்டு அசைவதில்லை.

இத்தகைய பணியில் இறங்க எண்ணும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். கணிப்பொறி சில ஆண்டுகளில் பழையதாகிவிடும், வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். அந்த இரவுகளை மறுபடியும் ஆடச் சொல்ல முடியாது. எனவே ஒரு ஹார்ட் டிஸ்க் என் அலமாரியிலும், அதன் பிரதி வாத்தியார் வீட்டு மரப்பெட்டியில் சலங்கைக்குப் பக்கத்திலும் இருக்கின்றன.