முறைப்பாடு குடுங்கோ, அக்கா

"உதவி கேட்டதே பெரிய விசயம். இனி அவையள்மேல முறைப்பாடும் குடுக்கிறதோ?" லண்டனில் மாற்றுத்திறனுள்ள மகனை வளர்க்கும் ஒரு அக்கா கேட்டது இது. மகனுக்கு என்ன உதவி தேவை என்ற கவுன்சிலின் மதிப்பீடு முடிந்து மாதக்கணக்காகியும் உதவி வரவில்லை. போன் எடுத்தால் புதிய சோசல் வேர்க்கர்; கதையைத் திரும்ப முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

முறையிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்ற பயம் எங்கள் ஆட்களிடம் ஆழமாக இருக்கிறது. முறைப்பாடு ஒருபோதும் அதற்குக் காரணமாக முடியாது.

இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளை உதவி தேவைப்படுவோர் என்றே கொள்கிறது. முறையிடும் வழியையும் அதே சட்டம் தருகிறது. முதற்படியில் 10 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். சிக்கலான விசயமென்றால் 20. திருப்தி இல்லையா, இரண்டாம் படியில் விசாரணை. கவுன்சிலைச் சாராத ஒருவர் அதில் கட்டாயம் இருப்பார். பிறகு மீளாய்வுக் குழு, கடைசியில் கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன். ஒரு பென்னியும் கட்டத் தேவையில்லை.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான்: முதற்படியில் ஏற்ற முறைப்பாட்டை, நாம் கேட்டால் அடுத்த படிக்குக் கொண்டுபோக கவுன்சில் கடமைப்பட்டது. அதைச் சொல்லாமல் களைக்க வைத்தே அனுப்பிவிடுகிறார்கள். களைத்துப்போன தாய்மாரிடம் இப்படி நடப்பது அநியாயம்.

போனில் பேசியதோடு விடாதீர்கள். திகதி போட்டு எழுத்தில் அனுப்புங்கள், பிரதி வைத்திருங்கள். பிரச்சினை நடந்து ஒரு வருடத்துக்குள் முறையிடுங்கள். ஆங்கிலம் தடையென்றால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே கடிதம் எழுதுவோம்.