சூரியநெல்லியின் கவாத்துக் கத்தி

'கவாத்து' என்னும் சொல் சமவெளித் தமிழருக்குப் படைவீரரின் அணிவகுப்புப் பயிற்சியை நினைவூட்டும். இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியில் அச்சொல்லுக்குத் தேயிலைச் செடியை வெட்டித் திருத்துதல் என்பதே முதற்பொருள். நிமிர்ந்து நில், வரிசை பிறழாதே என்னும் ஆணை இரு பொருளிலும் ஒலிப்பதாகத் தோன்றுவது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் அத்தோட்டங்களைக் கண்டவர் அப்படி நம்பமாட்டார்.

தேயிலை இயல்பில் மரம். வெட்டாமல் விட்டால் 10 மீட்டருக்கு மேலும் வளரும். வெண்ணிறத்தில் பூத்துக் காய்க்கும். அதனை இடுப்பளவில் நிறுத்தி, பூவுக்கும் காய்க்கும் செல்லக்கூடிய ஆற்றலைத் தளிருக்குத் திருப்புவதே கவாத்து. தென்னிந்தியத் தோட்டங்களில் பொதுவாக நான்கு முதல் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை இது நிகழ்கிறது. தரையிலிருந்து 30 செ.மீ.க்குக் கீழே வெட்டினால் முதிய செடியைப் புதுப்பிக்கும் கவாத்து. 30 முதல் 45 வரை கடுங்கவாத்து. 45 முதல் 60 வரை நடுத்தரம். அதற்கு மேல் இலேசானது. ஏட்டில் இவை சென்டிமீட்டர்கள். கத்தி பிடிப்பவருக்கோ முழங்காலும் தொடையுமே அளவுகோல்.

இலையெல்லாம் இழந்த செடி எதை உண்டு துளிர்க்கும்? வேரில் சேர்ந்த மாவுச்சத்தைத்தான். ஆகவே வெட்டுமுன் வேர்த்துண்டு ஒன்றை நறுக்கி அயோடின் கரைசல் தடவிப் பார்ப்பதுண்டு. கருநீலம் படர்ந்தால் வெட்டலாம். வெளிறியே கிடந்தால் காத்திருக்க வேண்டும். சேமிப்பு குன்றிய செடியைக் கடுமையாக வெட்டினால் அது மீளாமல் காய்ந்துபோகும். சில இடங்களில் ஓரத்துக் கிளை ஒன்றிரண்டை இலையோடு விட்டுவைப்பார்கள். புதுத்துளிர் வரும்வரை செடிக்கு அவையே மூச்சு. வெட்டிய கழிகளை மொட்டைச் செடியின் மீதே பரப்புவதும் உண்டு. திடீரென வெயிலுக்கு ஆட்பட்ட பட்டை வெந்துவிடும் என்பது காரணம்.

வெட்டு சாய்வாகவும் வழுவழுப்பாகவும் அமைய வேண்டும். பிளந்த கிளையில் நீர் தங்கும்; பூஞ்சை நுழையும்; மரம் உள்ளிருந்து உளுக்கும். இப்போது மோட்டார் இயந்திரங்கள் வந்துவிட்டன. அவை ஒரே நாளில் பலர் வேலையை முடிக்கின்றன. தோள் வலியும் குறைகிறது. அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிளந்ததைத் திருத்தவும், எந்தக் கிளை நோயுற்றது எனத் தேரவும் பழகிய கை வேண்டும். அக்கையின் அறிவைத் தோட்டத்துத் தமிழில் எழுதிவைத்த கையேடுதான் கண்ணில் படுவதில்லை.

கவாத்து பெரும்பாலும் ஆண்களின் வேலை. அதன் விளைவைச் சுமப்பவர்களோ கொழுந்து பறிக்கும் பெண்கள். குறித்த எடைக்கு மேல் பறிக்கும் கிலோவுக்கே கூடுதல் காசு. வெட்டிய காட்டில் சில மாதங்களுக்குக் கொழுந்தே இராது. 2015 செப்டம்பரில் மூணாற்றில் 'பெம்பிளை ஒருமை'யாகத் திரண்ட பெண்கள் போனசும் நாட்கூலி உயர்வும் கேட்டதன் பின்னே, இப்படி ஏறி இறங்கும் வருமானமும் உண்டு.

துளிர் வந்தபின்னும் உடனே பறிக்க விடுவதில்லை. ஒரே மட்டத்தில் நுனிகிள்ளி, மேற்பரப்பு மேசைபோல் விரியும்வரை பொறுத்திருப்பார்கள். அதுவரை அப்பெண்களின் கொழுந்துப் பைகள் வேறு காட்டுக்குச் செல்லும். அங்கே ஏற்கெனவே ஒரு வரிசை பறித்துக்கொண்டிருக்கும்.