மூடியிருந்த பாதை



பேரன் கொடுத்த பழைய ராஸ்பெர்ரி பை போர்டு, கரண்ட் போனால் நேரத்தை மறந்துவிடும். அதற்காக டிஎஸ்3231 கடிகாரச் சில்லை வாங்கி மாட்டினேன். 3ஆம் பின்னில் எஸ்டிஏ, 5இல் எஸ்சிஎல். ஒயரெல்லாம் சரி. போர்டு கண்டுகொள்ளவே இல்லை. இரண்டு நாள் சில்லைத்தான் திட்டினேன்.

பேரன் போனில் சிரித்தான். "தாத்தா, ஐ2சி முதலில் ஆஃப்லதான் இருக்கும். ராஸ்பி-கான்ஃபிக்ல இன்டர்ஃபேஸ் ஆப்ஷன்ஸ் போய் எனேபிள் பண்ணுங்க."

செய்தேன். ஐ2சி-டிடெக்ட் போட்டதும் அட்டவணையில் 68 தெரிந்தது. சில்லில் குறையே இல்லை.

அன்றிரவு ஒரு மாணவன் நினைவுக்கு வந்தான். நோட்டில் கணக்கு சரியாகப் போடுவான். எழுப்பிக் கேட்டால் பேசமாட்டான். வகுப்பு முன்னால் 'மக்கு' என்றேன். ஒருநாளும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

தம்பி, இதைப் படித்தால் ஒரு போன் பண்ணு. மன்னிப்புக் கேட்கணும்.