ஒரு கோடி ரூபாய் கார்டு

உங்கள் பர்ஸில் இருக்கும் கிரெடிட் கார்டை ஒரு நிமிடம் வெளியே எடுங்கள். அதில் எவ்வளவு கடன் வாங்கலாம் என்று உங்களுக்குத் தெரியும். பெட்ரோல் பங்க்கில் எவ்வளவு சலுகை, எந்த ஓட்டலில் எவ்வளவு தள்ளுபடி, எல்லாம் தெரியும். சரி, அதில் எவ்வளவு இன்ஷூரன்ஸ் இருக்கிறது? யாருக்கு இருக்கிறது? எப்போது கிடைக்கும்?

தெரியாதல்லவா? 2018 நவம்பர் வரை எனக்கும் தெரியாது. இத்தனைக்கும் நான் பி.காம்.!

அந்தக் கார்டை எனக்கு விற்ற பெண் போனில் சொன்ன வாசகம் இன்னும் காதில் இருக்கிறது. ‘‘சார், ஒரு கோடி ரூபாய் டிராவல் இன்ஷூரன்ஸ் ஃப்ரீ சார்!’’ ஒரு கோடி என்று கேட்டதும் மிச்சம் எதுவும் காதில் விழவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். கார்டோடு ஒரு குட்டிப் புத்தகமும் வந்தது. அது நேராக டி.வி. ஸ்டாண்டின் கீழ் டிராயருக்குப் போனது. உங்கள் வீட்டிலும் அது அங்கேதான் இருக்கும்.

என் தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள். அப்பாவை அழைத்துக்கொண்டு பத்து நாள் போய்வரத் திட்டம். அப்பாவுக்கு அப்போது 71 வயது. இரண்டு டிக்கெட்டையும் அந்த ஒரு கோடி ரூபாய் கார்டில்தான் வாங்கினேன். கல்லூரியில் என்னோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த நண்பன் இப்போது இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். அவனிடம் பெருமையாகச் சொன்னேன்.

‘‘அப்பாவுக்கு பாலிசி எடுத்தியாடா?’’

‘‘கார்டுலயே இருக்குடா. ஒரு கோடி!’’

‘‘அந்தப் புக்கை எடுத்து எனக்குப் படிச்சுக் காட்டு.’’

எடுத்தேன். எறும்பு எழுத்து. படிக்கப் படிக்க என் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. அந்த ஒரு கோடி, விமான விபத்தில் நான் செத்தால் மட்டும். உயிரோடு இறங்கிவிட்டால் வெளிநாட்டு ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதில் ஒரு பைசா கிடையாது. அந்த ஒரு கோடியும் கார்டுதாரருக்கு மட்டும்தான். டிக்கெட்டை என் கார்டில் வாங்கியிருந்தாலும் அப்பா அதில் இல்லவே இல்லை. அதோடு கடந்த 90 நாளில் அந்தக் கார்டை ஒரு முறையாவது தேய்த்திருக்க வேண்டுமாம். பெட்டி தாமதமாக வந்தால், தொலைந்தால் கொஞ்சம் பணம் உண்டு. அவ்வளவுதான்.

ஒவ்வொரு கார்டுக்கும் ஒவ்வொரு விதி. சில உயர்ரக கார்டுகளில் வெளிநாட்டு மருத்துவச் செலவும் உண்டு. ஆனால், எந்தக் கார்டாக இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த பாலிசியின் சொந்தக்காரர் நீங்கள் அல்ல, வங்கி. வங்கி மொத்தமாக எடுத்துத் தன் வாடிக்கையாளர்களுக்குத் தருகிற குரூப் பாலிசி அது. வேண்டாம் என்று வங்கி முடிவு செய்தால் அது போயிற்று. 2025 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஒரு பெரிய கார்டு நிறுவனம் தன் பல கார்டுகளில் இருந்த இலவச விமான விபத்துக் காப்பீட்டை நிறுத்தியது. அந்த அறிவிப்பு வந்த இமெயிலை எத்தனை பேர் திறந்து பார்த்திருப்பார்கள்!

நண்பன் விடவில்லை. அப்பாவுக்கும் எனக்கும் தனித்தனியாக 50,000 டாலருக்கு பாலிசி எடுக்கவைத்தான். எழுபதைத் தாண்டியவர் என்பதால் அப்பாவுக்கு பிரீமியம் என்னுடையதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அது கூடப் பரவாயில்லை. பிரச்னை விண்ணப்பத்தில் வந்தது. ‘ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா?’ என்ற கேள்விக்கு அப்பா சொன்ன பதில்: ‘‘எனக்கென்ன நோய்? நான் நல்லாத்தானே இருக்கேன்?’’

‘‘தினமும் பி.பி. மாத்திரை போடறீங்களேப்பா.’’

‘‘மாத்திரை போட்டா நார்மல்தானே? அப்புறம் எதுக்கு எழுதணும்?’’

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டுப் போகலாம் என்றுதான் தோன்றியது. இருக்கிறது என்று எழுதினால் பிரீமியம் இன்னும் ஏறுமோ, பாலிசியே கிடைக்காதோ என்ற பயம். நண்பன்தான் ஃபார்மைப் பிடுங்கி, பி.பி., மாத்திரையின் பெயர், எத்தனை வருடமாக என்று மூன்றையும் எழுதினான். பிரீமியம் ஏறவில்லை.

சிங்கப்பூரில் இறங்கினோம். அப்பாவின் பெட்டி வந்தது. என் பெட்டி வரவில்லை. ஏர்லைன்ஸ் கவுன்ட்டரில் எழுதிக் கொடுத்து ஒரு ரிப்போர்ட் வாங்கிக்கொண்டேன். (அந்தத் தாளை வாங்காமல் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வரவே கூடாது. அது இல்லாவிட்டால் ஏர்லைன்ஸும் உங்களை நம்பாது, இன்ஷூரன்ஸும் நம்பாது.) 20 மணி நேரம் கழித்துப் பெட்டி வந்தது. அதற்குள் சட்டை, பேன்ட், உள்ளாடை, ஷேவிங் செட் என்று 190 சிங்கப்பூர் டாலருக்கு வாங்கியிருந்தேன். பெட்டி கதையைப் பிறகு சொல்கிறேன். ஏனென்றால், மூன்றாம் நாள் காலையில் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்.

பேத்தியைக் குளிப்பாட்டிய சோப்புத் தண்ணீர். வலது மணிக்கட்டு எலும்பு இரண்டாக முறிந்து விலகியிருந்தது. பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். முன்பணமாக 2,500 சிங்கப்பூர் டாலர் கட்டச் சொன்னார்கள். அன்றைய கணக்கில் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய். நான் கம்பீரமாக என் கார்டை நீட்டினேன்.

கவுன்ட்டரில் இருந்த பெண் இரண்டு முறை தேய்த்துவிட்டு, கார்டை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தாள். டிக்ளைன்ட். என் லிமிட்டே ஒன்றரை லட்சம்தான். அதில் டிக்கெட்டுக்கு முன்பே 60 ஆயிரம் போயிருந்தது. நான் செத்தால் ஒரு கோடி தருகிற கார்டு, அப்பாவின் கைக்கு 1 லட்சத்து 30 ஆயிரம் தர மறுத்துவிட்டது. பின்னால் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் தன் கார்டை எடுத்துக் கொடுத்தார். தங்கை வீட்டுக்காரர் காசில் அப்பாவுக்கு வைத்தியம் பார்க்கிற அண்ணனின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

பாலிசியில் இருந்த 24 மணி நேர உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். மறுமுனையில் இருந்தவர் நிதானமாகக் கேட்டார்: ‘‘விழுவதற்கு முன் மயக்கம் வந்ததா? அவருக்கு ரத்தக் கொதிப்பு உண்டா?’’ எனக்கு அடிவயிறு ஜில்லென்றது. ‘‘மயக்கம் இல்லை. வழுக்கித்தான் விழுந்தார். பி.பி. உண்டு, ஃபார்மிலேயே எழுதியிருக்கிறோம்’’ என்றேன். ‘‘ஆமாம், இருக்கிறது’’ என்றார். அந்த ‘இருக்கிறது’ என்ற சொல்லுக்காக என் நண்பனுக்கு ஆயுசுக்கும் காபி வாங்கித் தரலாம். ‘இல்லை’ என்று டிக் அடித்திருந்தால், டாக்டரின் குறிப்பில் பி.பி. மாத்திரை என்று பார்த்த நொடியே அவர்கள் சந்தேகப்படத் தொடங்கியிருப்பார்கள். சந்தேகப்பட அவர்களுக்கு உரிமையும் உண்டு.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரிக்கு உத்தரவாதக் கடிதம் வந்தது. மொத்த பில் 11,800 சிங்கப்பூர் டாலர். நம் பணத்தில் ஆறு லட்சத்துக்கும் மேல். பாலிசி விதிப்படி எங்கள் பங்கு முதல் 100 அமெரிக்க டாலர். மற்றதை கம்பெனி கட்டியது. மாப்பிள்ளையின் முன்பணமும் அவர் கார்டுக்கே திரும்பிப் போனது.

இப்போது பெட்டி கதை. பெட்டி தாமதத்துக்கு என் கார்டிலும் காசு உண்டு, என் பாலிசியிலும் காசு உண்டு. இரண்டிலும் 190 டாலர் கேட்டால் 380 ஆயிற்றே! நண்பனிடம் ஐடியா சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

‘‘செகண்ட் இயர்ல சார் கத்திக் கத்தி நடத்தினாரே, மறந்துட்டியா? நீ அன்னிக்கு சினிமாவுக்குப் போயிட்டே போல!’’

போயிருக்கலாம். பாடம் இதுதான்: செலவை ஈடுகட்டும் இன்ஷூரன்ஸில் எத்தனை பாலிசி வைத்திருந்தாலும், கையை விட்டுப் போனதற்கு மேல் ஒரு பைசா வாங்க முடியாது. ஆஸ்பத்திரி பில், பெட்டி, ரத்தான டிக்கெட் எல்லாம் இந்த ரகம். ஒன்றில் வாங்கிக்கொண்டு, அது போதாமல் போனால் மீதியை மட்டும் இன்னொன்றில் கேட்கலாம். விபத்தில் மரணம், ஊனம் ஆகியவற்றுக்கு இவ்வளவு என்று முன்பே தொகை பேசிய பாலிசிகள் வேறு ரகம். உயிருக்கு பில் கிடையாதே! அங்கே கார்டும் பணம் தரும், பாலிசியும் தனியாகத் தரும். வாங்குவது நீங்கள் அல்ல, நாமினி. கார்டுக்கு நாமினி பெயர் கொடுத்திருக்கிறீர்களா? நான் கொடுத்திருக்கவில்லை.

என் கார்டின் குட்டிப் புத்தகத்தில், வேறு இன்ஷூரன்ஸ் இருந்தால் அது தந்ததுபோக மீதிக்குத்தான் நாங்கள் என்று ஒரு வரி இருந்தது. எனவே முதலில் பாலிசி. அதில் பெட்டி தாமதத்துக்கு உச்சவரம்பு 100 அமெரிக்க டாலர். 12 மணி நேரத்தைத் தாண்டியதால் அது முழுதாக வந்தது. ஒரிஜினல் பில்களை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் கொடுத்த செட்டில்மென்ட் கடிதம், பில்களின் நகல், ஏர்லைன்ஸ் ரிப்போர்ட், டிக்கெட்டைக் கார்டில் வாங்கியதற்கான ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் சேர்த்து மீதிக்குக் கார்டு பக்கம் அனுப்பினேன். நான்கு மாதம். பதினோரு இமெயில். 2,700 ரூபாய் வந்தது. விடாமல் துரத்தியதில் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

ஐரோப்பா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். கார்டைக் காட்டி, ‘இதில் இருக்கு சார்’ என்றால் நடக்காது. உங்கள் பெயர், தேதி, தொகை போட்ட சான்றிதழ் வேண்டும். பெரும்பாலும் அதற்காகவே தனி பாலிசி எடுக்க வேண்டியிருக்கும். அப்படி எடுக்கும்போது, கார்டில் இல்லாதது எது என்று பார்த்து அதைப் பெரிதாக எடுங்கள். மருத்துவம்தான் அது. விமான விபத்துக்கு இன்னொரு கோடி வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம்.

2023-ல் மறுபடி சிங்கப்பூர் கிளம்பினோம். அப்பாவுக்கு 76. ஃபார்மை எடுத்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பி.பி. எழுதினேன். ‘‘முழங்கால் வலியையும் எழுது’’ என்றார். எழுதினேன். ‘‘காதுல ஒரு இரைச்சல் இருக்கு, அதையும் எழுது’’ என்றார். அந்தக் கட்டத்தில் இடம் தீர்ந்துபோய் ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். ‘‘பல் ரெண்டு ஆடுதுடா’’ என்று வாயைத் திறந்து காட்டினார்.